ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் செயற்பாடும் இரத்தப் புற்றுநோய்க் குருத்தணுக்களும்

ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் (சுருக்கமாக ஏஎல்டிஎச்) என்பது உயிரணுக்களுக்குள் தோன்றும் ஆல்டிஹைடுகளை ஆக்சிஜனேற்றம் செய்து கார்பாக்சிலிக் அமிலங்களாக மாற்றும் நொதிகளின் குடும்பமாகும். இரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களில் இந்நொதியின் செயற்பாடு மிகுந்து காணப்படுகிறது. இரத்தப் புற்றுநோயைத் தொடக்கிவைத்து, சிகிச்சைக்குப் பின்னும் அதை மீண்டும் தலைதூக்கச் செய்யும் சிறு எண்ணிக்கையிலான உயிரணுக்களை அடையாளம் காண இச்செயற்பாடு ஒரு குறிப்பானாகப் பயன்படுத்தப்படுகிறது. எனினும் "நொதி மிகுந்தால் புற்றுக் குருத்தணு" என்று எளிதாகக் கொள்ள இயலாது. பல நோயாளிகளில் மிக உயர்ந்த செயற்பாடு உடையவை நலமான குருத்தணுக்களே ஆகும். புற்றுக் குருத்தணுக்கள் அவற்றுக்குச் சற்றுக் கீழே, இடைப்பட்ட அளவில் அமைகின்றன. இவ்வேறுபாட்டை உணராமல் இக்குறிப்பானைப் பயன்படுத்தினால் நோயாளியின் நல்ல உயிரணுக்களையே பகையெனக் கருத நேரிடும்.

நொதியின் பணி

மனித மரபுத்தொகுதியில் ஏஎல்டிஎச் குடும்பத்தைச் சேர்ந்த 19 மரபணுக்கள் உள்ளன. ஆல்டிஹைடுகள் வேதிவினைத் திறன் மிக்கவை. புரதங்களுடனும் டிஎன்ஏவுடனும் எளிதில் பிணைந்து அவற்றைச் சிதைக்கக் கூடியவை. மது அருந்தும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு பலரும் அறிந்தது. ஆனால் மது அருந்தாதவர் உடலிலும் கொழுப்புகள் சிதைவதாலும் பிற வளர்சிதை மாற்றங்களாலும் ஆல்டிஹைடுகள் இடையறாது தோன்றிக்கொண்டே இருக்கின்றன. இவற்றை அகற்றுவதே ஏஎல்டிஎச் நொதிகளின் பொதுப்பணி எனலாம். இவற்றுள் ஏஎல்டிஎச்1ஏ1 என்பது உயிர்ச்சத்து ஏ-யின் ஆல்டிஹைடு வடிவத்தை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகிறது. இவ்வமிலம் உயிரணுக்கள் முதிர்ந்து வேறுபடுவதை நெறிப்படுத்தும் பொருளாகும்.

நெடுங்காலம் வாழ்ந்து பிற இரத்த அணுக்களையெல்லாம் தோற்றுவிக்கும் குருத்தணுவுக்கு டிஎன்ஏவைப் பாதுகாத்தல் இன்றியமையாதது. இதற்கு வலுவான சான்று ஃபான்கோனி இரத்தசோகை என்னும் மரபுநோயிலிருந்து கிடைத்தது. இந்நோய் உடையோருக்கு டிஎன்ஏ இழைகளின் குறுக்குப்பிணைப்புகளைச் சீர்செய்யும் வழிமுறை குறைபட்டிருக்கும். அத்தகைய குறைபாட்டுடன் ஏஎல்டிஎச்2 மரபணுவையும் இழந்த சுண்டெலிகளில் இரத்தக் குருத்தணுக்கள் அழிந்துபோவதையும் இரத்தப் புற்றுநோய் தோன்றுவதையும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் காட்டினர். கிழக்காசிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் செயல்திறன் குன்றிய ஏஎல்டிஎச்2 வடிவத்தைக் கொண்டுள்ளனர்; மது அருந்தினால் முகம் சிவப்பது இதனாலேயே. ஃபான்கோனி நோயுள்ள சப்பானியக் குழந்தைகளில் இவ்வடிவமும் சேர்ந்திருந்தால் எலும்பு மச்சை விரைவில் செயலிழப்பதாக 2013 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

புற்றுக் குருத்தணு என்னும் கருத்து

தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் (ஏஎம்எல்) எலும்பு மச்சை முழுவதும் முதிராத வெள்ளணுக்களால் நிரம்பிவிடுகிறது. இவ்வணுக்கள் அனைத்தும் ஒரே ஆற்றல் உடையவையா, அல்லது அவற்றுள் சிலவே நோயைத் தொடர்ந்து உருவாக்குகின்றனவா என்பது நெடுநாள் வினாவாக இருந்தது. கனடாவின் டொரோன்டோ நகரில் ஜான் டிக் என்பவரின் ஆய்வுக்குழு, நோயெதிர்ப்பாற்றல் அற்ற சுண்டெலிகளில் நோயாளிகளின் அணுக்களைச் செலுத்தி இதற்கு விடை தேடியது. 1994 இல் வெளியான முடிவின்படி, சுண்டெலியில் குடியேறிப் புற்றுநோயை உருவாக்கும் திறன் ஏறத்தாழ 2,50,000 அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே காணப்பட்டது. அவ்வணுக்கள் மேற்பரப்பில் சிடி34 என்னும் புரதத்தைக் கொண்டும் சிடி38 என்னும் புரதம் அற்றும் இருந்தன. நலமான இரத்தக் குருத்தணுக்களின் மேற்பரப்பும் இதே அமைப்பு உடையது என்பது கவனிக்கத்தக்கது. 1997 இல் டொமினிக் பொன்னே, டிக் ஆகியோரின் கட்டுரை இப்படிநிலை அமைப்பை மேலும் உறுதி செய்தது.

பின்னர் இச்சித்திரம் சிக்கலாயிற்று. சிடி38 புரதத்தைக் கண்டறியப் பயன்படுத்திய பிறபொருளெதிரியே, அது ஒட்டிய அணுக்களைச் சுண்டெலியின் எஞ்சிய நோயெதிர்ப்பு மண்டலம் அழிக்கக் காரணமாயிற்று என்று 2008 இல் தெரியவந்தது. அதாவது, குருத்தணுத் திறன் இல்லை என்று ஒதுக்கப்பட்ட அணுக்களில் சில, அளவிடும் முறையினாலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. என்பிஎம்1 மரபணு மாற்றம் உடைய நோயாளிகள் பலரில் புற்றைத் தொடக்கும் அணுக்கள் சிடி34 அற்ற பகுதியில் இருப்பதும் 2010 இல் அறியப்பட்டது. மேற்பரப்புப் புரதம் ஓர் அணு அணிந்திருக்கும் சட்டை போன்றது. நோயாளிக்கு நோயாளி அது மாறக் கூடும். ஆகவே அணுவின் தோற்றத்தை விடுத்து அதன் செயலை அளக்கும் குறிப்பான் ஒன்றின் தேவை உணரப்பட்டது. நொதிச் செயற்பாடு அவ்வகையைச் சேர்ந்தது.

சைக்ளோபாஸ்ஃபமைடு காட்டிய வழி

ஏஎல்டிஎச் செயற்பாட்டுக்கும் குருத்தணுக்களுக்கும் உள்ள தொடர்பு, ஒரு மருந்தின் விந்தையான இயல்பை ஆராய்ந்ததன் வழியே வெளிப்பட்டது. 1950களின் இறுதியில் செருமனியில் உருவாக்கப்பட்ட சைக்ளோபாஸ்ஃபமைடு இன்றளவும் பயன்பாட்டில் உள்ள புற்றுநோய் மருந்தாகும். உட்கொள்ளும் வடிவில் அதற்கு நச்சுத்தன்மை இல்லை. கல்லீரல் அதை மாற்றியமைத்த பின்னர், ஆல்டோபாஸ்ஃபமைடு என்னும் ஆல்டிஹைடு உயிரணுக்களுக்குள் உருவாகிறது. இது தானாகவே பிளந்து டிஎன்ஏவைத் தாக்கும் நஞ்சைத் தருகிறது. ஆனால் உயிரணுவில் ஏஎல்டிஎச் போதிய அளவு இருந்தால், ஆல்டோபாஸ்ஃபமைடு பிளப்பதற்கு முன்பே தீங்கற்ற அமிலமாக மாற்றப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஹில்டன், இம்மருந்துக்கு அடங்காத எல்1210 என்னும் சுண்டெலி இரத்தப் புற்று அணுக்களில் ஏஎல்டிஎச் மிகுந்திருப்பதை 1984 இல் எடுத்துக்காட்டினார். இம்மருந்து உயர் அளவில் தரப்பட்டாலும் எலும்பு மச்சை முற்றாக அழிவதில்லை. சில வாரங்களில் மீண்டுவிடுகிறது என்பதை மருத்துவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். மச்சையின் வேரிலுள்ள குருத்தணுக்கள் ஏஎல்டிஎச்சால் காக்கப்படுகின்றன என்று கொண்டால் இரண்டும் பொருந்தின. மனித இரத்த முன்னோடி அணுக்களில் இந்நொதி மிகுந்திருப்பதை மைக்கேல் காஸ்டன் முதலானோர் 1990 இல் நேரடியாகவே காட்டினர்.

இவ்வியல்பு மருத்துவத்திலும் பயன்பட்டது. நோயாளியின் மச்சையை எடுத்து, சைக்ளோபாஸ்ஃபமைடின் கல்லீரல் துணை தேவைப்படாத வடிவத்தால் உடலுக்கு வெளியே கழுவி, எஞ்சிய புற்றணுக்களை அழித்த பின் அவருக்கே திருப்பிச் செலுத்தும் முறை 1980களில் ஜான்ஸ் ஹாப்கின்சில் கையாளப்பட்டது. அதன் முடிவுகள் 1986 இல் வெளியாயின. நல்ல குருத்தணுக்கள் தப்பிப் பிழைத்து மச்சையை மீட்டெடுத்தன. புற்றுக் குருத்தணுக்களைக் காட்டிலும் நலமான குருத்தணுக்களில் நொதி மிகுதி என்னும் பிற்காலக் கண்டுபிடிப்பின் சாயல் இங்கேயே இருந்தது எனலாம்.

அளவிடும் முறை

தொடக்கத்தில் நொதியை அளக்க உயிரணுக்களை உடைக்கவோ இறக்கச் செய்து சாயமேற்றவோ வேண்டியிருந்தது. உடைத்த அணுவைச் சுண்டெலிக்குள் செலுத்தி அதன் திறனைச் சோதிக்க இயலாது என்பதால் இது பெருந்தடையாயிற்று. 1995 இல் ரிச்சர்ட் ஜோன்ஸ் முதலானோர் ஒளிரும் ஆல்டிஹைடு ஒன்றை உயிருள்ள அணுக்களுக்குள் செலுத்தி இத்தடையைக் கடந்தனர். அதை ஒளிரச்செய்யப் புற ஊதாக் கதிர் தேவைப்பட்டது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டார்ம்சும் உடன் பணியாற்றியோரும் 1999 இல் கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலேயே செயற்படும் போடிபி அமினோஅசிட்டால்டிஹைடு என்னும் பொருளை அறிமுகப்படுத்தினர். இது பின்னர் ஆல்டிஃபுளோர் என்னும் வணிகப் பெயரில் சோதனைத் தொகுப்பாகக் கிடைக்கலாயிற்று.

சோதனையின் தத்துவம் எளிமையானது. மின்சுமையற்ற இவ்வால்டிஹைடு உயிரணுச் சவ்வைத் தடையின்றிக் கடந்து உள்ளே செல்கிறது. உள்ளே ஏஎல்டிஎச் அதை எதிர்மின்சுமை கொண்ட அமிலமாக மாற்றுகிறது. மின்சுமை பெற்ற பொருள் சவ்வைக் கடந்து வெளியேற இயலாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. நொதி எவ்வளவு விரைவாக வேலை செய்கிறதோ அவ்வளவு மிகுதியாக ஒளிரும் பொருள் சேர்கிறது. ஃபுளோ சைட்டோமீட்டர் கருவி அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு அவற்றின் பச்சை ஒளிர்வைப் பதிவு செய்கிறது. பிரகாசமான அணுக்களை உயிருடன் தனியே பிரித்தெடுக்கவும் முடியும்.

நடைமுறையில் சில நுணுக்கங்கள் உள்ளன. குருத்தணுக்கள் பலவற்றில் அயற்பொருள்களை வெளியே இறைக்கும் புரதங்கள் இருப்பதால், அவற்றைத் தடுக்கும் பொருள் கரைசலில் சேர்க்கப்படுகிறது. சோதனைக்குப் பின் அணுக்கள் குளிர்நிலையில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பகுதிக்கு டையெத்தில்அமினோபென்சால்டிஹைடு என்னும் நொதித் தடுப்பான் சேர்க்கப்பட்டு, நொதி செயற்படாதபோது ஒளிர்வு எவ்வளவு என்பது அறியப்படுகிறது. அதைவிட மிகுந்து ஒளிர்பவையே செயற்பாடு உடைய அணுக்களாகக் கொள்ளப்படும். எங்கே கோடு கிழிப்பது என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடுகிறது. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது கடினமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஏஎம்எல் நோயில் கண்டவை

தொப்புள்கொடி இரத்தத்தில் இச்சோதனை தெளிவான விடை தந்தது: பிரகாசமாக ஒளிரும் சிறு தொகுதியில் குருத்தணுக்களும் முன்னோடி அணுக்களும் செறிந்திருந்தன. ஏஎம்எல் நோயில் அத்தகைய ஒழுங்கு காணப்படவில்லை. சில நோயாளிகளின் மாதிரிகளில் பிரகாசமான அணுக்கள் திரளாக இருந்தன. பலரிடம் அவை ஏறக்குறைய இல்லை. ஆங்காங்கிலிருந்து 2007 இல் வெளியான ஆய்வொன்று, பிரகாசமான தொகுதி தெளிவாக உள்ள நோயாளிகளின் அணுக்கள் சுண்டெலிகளில் நன்கு குடியேறுவதையும், அந்நோயாளிகளுக்கு நோயின் போக்கு பாதகமாக இருப்பதையும் தெரிவித்தது. இதிலிருந்து, செயற்பாடு மிக்கவை புற்றுக் குருத்தணுக்கள் என்னும் முடிவுக்கு வருவது இயற்கையே.

ஆனால் பிரகாசமான அணுக்கள் மிகச் சிலவே உள்ள நோயாளிகளில் நிலைமை வேறாக இருந்தது. 2012 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், சிடி34 உடைய, சிடி38 அற்ற அணுக்களை நொதிச் செயற்பாட்டின் அளவைக் கொண்டு மேலும் பிரித்து ஆராய்ந்தனர். மிக உயர்ந்த செயற்பாடு உடையவற்றில் நோயின் மரபணு மாற்றங்கள் இல்லை. அவை நோயாளியிடம் எஞ்சியிருந்த நலமான குருத்தணுக்கள். இடைப்பட்ட செயற்பாடு உடைய தொகுதியிலோ மாற்றங்கள் இருந்தன. நலமானவர்களின் மச்சையில் இவ்விடைப்பட்ட தொகுதி காணப்படவில்லை. சுண்டெலிகளில் செலுத்தியபோது அது புற்றுநோயை உருவாக்கியது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலிருந்து 2013 இல் வந்த ஆய்வும், ஒரே நோயாளியின் மச்சையில் அருகருகே வாழும் நலமான குருத்தணுக்களின் செயற்பாடு புற்றுக் குருத்தணுக்களினுடையதைவிடத் தெளிவாக உயர்ந்தது என்றே கண்டது.

முரண்போலத் தோன்றும் இவ்விரு முடிவுகளையும் செருமனியின் ஐடெல்பர்க் ஆய்வாளர்கள் 2015 இல் ஒருவாறு இணைத்துக் காட்டினர். பிரகாசமான அணுக்கள் அரிதாக உள்ள நோயாளிகளில் அவை நலமான குருத்தணுக்கள். அவை ஏராளமாக உள்ள நோயாளிகளில் அத்தொகுதியில் புற்றுக் குருத்தணுக்களும் கலந்துள்ளன. இத்தகையோரில் நொதியைக் கொண்டு நல்லவற்றையும் தீயவற்றையும் பிரிக்க இயலாது. ஆகவே "எவ்வளவு ஒளிர்கிறது" என்னும் கேள்வியுடன் "எத்தனை அணுக்கள் அவ்வாறு ஒளிர்கின்றன" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியுள்ளது.

நோயாளிக்கு இதனால் என்ன பயன் என்பது, முதற்கட்ட வேதிச்சிகிச்சைக்குப் பிந்தைய நிலையில் வெளிப்படுகிறது. நுண்ணோக்கியில் மச்சை தெளிவாகத் தெரிந்து, முழுத் தணிவு அடைந்ததாகக் கருதப்படும் நோயாளிகளில் பலருக்கு நோய் மீள்கிறது. அவர்களுள் யாருக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை தேவை, யாருக்கு அதன் இடர்கள் வேண்டாதவை என முடிவு செய்வது அரிது. மேற்கூறிய 2012 ஆய்வில், தணிவின்போது இடைப்பட்ட செயற்பாடு உடைய அத்தொகுதி இன்னும் காணப்பட்ட நோயாளிகளுக்கு நோய் மீள்வது மிகுதியாக இருந்தது. எனினும் இச்சோதனை வழக்கமான மருத்துவப் பரிசோதனையாக இடம்பெறவில்லை. எஞ்சிய நோயை அளக்க மருத்துவமனைகள் மேற்பரப்புப் புரதங்களையும் மரபணு மாற்றங்களையுமே நம்பியுள்ளன. நொதிச் செயற்பாட்டை அளக்க அணுக்கள் உயிருடன் இருக்க வேண்டும் என்பதும், மாதிரி பயணத்தில் தாமதமானால் முடிவு மாறக்கூடும் என்பதும் இதற்கான நடைமுறைக் காரணங்களாகும்.

குறிப்பானா, காரணியா?

ஏஎல்டிஎச் செயற்பாடு குருத்தணுவை அடையாளம் காட்டுகிறது என்பது ஒன்று. அதுவே குருத்தணுவைக் குருத்தணுவாக வைத்திருக்கிறது என்பது வேறு. இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒளிர்வுச் சோதனை ஏஎல்டிஎச்1ஏ1 நொதியையே அளப்பதாக முன்பு கருதப்பட்டது. ஆனால் அம்மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட சுண்டெலிகளின் இரத்தக் குருத்தணுக்கள் இயல்பாகவே பணியாற்றின. ஒளிர்வும் குறையவில்லை என்று 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. குடும்பத்தின் பிற நொதிகளும் அதே வினைபடுபொருளை மாற்றவல்லவை என்பதே இதன் பொருள். பச்சை ஒளி எந்த நொதியிலிருந்து வந்தது என்பதைச் சோதனை சொல்வதில்லை.

ஏஎம்எல் சிகிச்சையின் முதன்மை மருந்துகளான சைட்டராபின், டானோரூபிசின் ஆகியவற்றின் நச்சுத்தன்மை, சைக்ளோபாஸ்ஃபமைடைப் போல ஓர் ஆல்டிஹைடு இடைப்பொருளைச் சார்ந்ததன்று என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. எனவே நொதி மிகுந்த அணுக்கள் இம்மருந்துகளுக்குத் தப்புவதற்கு நொதி நேரடிக் காரணம் என்று கூறிவிட முடியாது. பிரியாமல் உறங்குநிலையில் இருத்தல் போன்ற குருத்தணுவின் பிற பண்புகளும் அதற்குக் காரணமாகலாம். நொதி அப்பண்புகளுடன் உடன்வருவதாக இருக்கலாம்.

பிற இரத்தப் புற்றுநோய்கள்

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் புற்று நேரடியாக இரத்தக் குருத்தணுவிலேயே தோன்றுவதால், புற்றுக் குருத்தணுவும் நலமான குருத்தணுவைப் போலவே உயர்ந்த நொதிச் செயற்பாடு கொண்டிருக்கக் கூடும். இந்நோயில் இரண்டையும் பிரித்தறிய நொதியைவிட, 2014 இல் வியன்னா ஆய்வாளர்கள் விவரித்த சிடி26 என்னும் மேற்பரப்புப் புரதம் உதவியாக அமைந்தது. மல்டிபிள் மைலோமா நோயில், முதிர்ந்த பிளாஸ்மா அணுக்களுக்குப் பதிலாக அவற்றுக்கு முந்தைய நிலையிலுள்ள, ஏஎல்டிஎச் மிகுந்த பி அணுக்களே நோயைப் பெருக்குகின்றன என்று வில்லியம் மட்சுயி முதலானோர் 2008 இல் கூறினர். ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் அதேபோன்ற அணுக்கள் இரத்தத்தில் உலவுவதாக 2009 இல் எழுதப்பட்டது. மைலோமா பற்றிய கருத்தைப் பிற ஆய்வாளர்கள் அனைவரும் ஏற்கவில்லை.

சிகிச்சை முயற்சிகள்

நொதியைத் தடுத்தால் புற்றுக் குருத்தணு வலுவிழக்கும் என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. மதுப்பழக்கத்தைக் கைவிட உதவும் பழைய மருந்தான டைசல்பிராம் ஏஎல்டிஎச்சைத் தடுப்பதால் அது பல ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது. ஆனால் செம்புடன் சேரும்போது அதன் புற்றெதிர்ப்புத் திறன் வேறு வழியில், என்பிஎல்4 என்னும் புரதத்தைத் தாக்குவதால், வருகிறது என்று 2017 இல் கண்டறியப்பட்டது. மேலும் குடும்பத்தின் எல்லா நொதிகளையும் தடுக்கும் மருந்து நலமான குருத்தணுக்களின் காப்பையும் அகற்றிவிடும் என்னும் அச்சம் நியாயமானதே.

இதற்கு எதிர்த்திசையிலான வழி ஒன்றும் உண்டு. மரபணு மாற்றங்களின் அடிப்படையில் சாதகமான போக்குடையவை எனக் கருதப்படும் ஏஎம்எல் வகைகளில் ஏஎல்டிஎச்1ஏ1 வெளிப்பாடு இல்லாத நோயாளிகள் உள்ளனர். காப்பற்ற இப்புற்றணுக்கள், ஆல்டிஹைடு நச்சைத் தோற்றுவிக்கும் மருந்துகளால் எளிதில் அழிவதையும், நொதியுடைய நலமான குருத்தணுக்கள் தப்புவதையும் கிளேட்டன் சுமித் குழுவினர் 2017 இல் ஆய்வகத்தில் காட்டினர். இங்கு நொதி இன்மையே குறிப்பானாகிறது.

நொதியின் காப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட சிகிச்சை, புற்றணுக்களை அன்றி நலமான குருத்தணுக்களையே மையமாகக் கொண்டது. பிறரிடமிருந்து பெற்ற குருத்தணுக்களைச் செலுத்தும்போது, உடன்வரும் டி அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது பெரும் இடராகும். குருத்தணுக்களைச் செலுத்திய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்ஃபமைடு உயர் அளவில் கொடுத்தால், விரைந்து பெருகும் அத்தாக்கும் டி அணுக்கள் ஒடுக்கப்படுகின்றன. ஏஎல்டிஎச் மிகுந்த கொடைக் குருத்தணுக்கள் அதே மருந்தில் நனைந்தும் உயிர்தப்பி மச்சையில் குடியேறுகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்சில் பாதி மட்டுமே பொருந்தும் உறவினரிடமிருந்து பெறும் மாற்றுச் சிகிச்சைக்காக வளர்த்தெடுக்கப்பட்ட இம்முறையின் பயன், முழுமையாகப் பொருந்தும் கொடையாளர்களிடமும் 2023 இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் உறுதி செய்யப்பட்டது. தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தோர் எனப் பாதி பொருந்தும் ஒருவர் பெரும்பாலான குடும்பங்களில் கிடைப்பதால், முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் இல்லாத நோயாளிகளும் இச்சிகிச்சையைப் பெற இதனால் வழி பிறந்தது.